குச்சிகள் மடிந்த பிறகு கூம்புகளைக் காத்தல்

விழித்திரைச் சிதைவு என்ற பொதுப்பெயருக்குள் அடங்கும் நோய்கள் பல. மரபணு வழியே பிறப்பிலேயே வருபவை சில, முதுமையில் மெல்லத் தொடங்குபவை சில, விழித்திரை கிழிந்து விலகுவதால் நேர்பவை வேறு சில என அவற்றின் தோற்றுவாய்கள் வேறுபட்டாலும், பார்வையை அவை பறிக்கும் வழி பெரும்பாலும் ஒன்றே: கண்ணின் பின்சுவரை உட்புறமாகப் போர்த்தியிருக்கும், அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத நரம்புத் திசுவில், ஒளியை மின் செய்தியாக மாற்றும் செல்கள் படிப்படியாக மடிந்துபோகின்றன. தோலில் செல்கள் இறந்தால் அவற்றின் இடத்தில் புதியவை தோன்றும். ஒளியுணர் செல்களுக்கு மனித உடலில் அந்த வாய்ப்பு இல்லை. சீப்ரா மீனின் விழித்திரை சேதமுற்றால், அதிலுள்ள தாங்குசெல்கள் பகுந்து புதிய ஒளியுணர் செல்களை உண்டாக்கிவிடுகின்றன. பாலூட்டிகளில் அந்தத் திறன் ஒடுங்கிவிட்டது. ஆகவே, இழந்த பார்வையை மீட்பது எவ்வாறு என்ற கேள்விக்கு முன்னதாகவே, எஞ்சியிருக்கும் செல்களை இன்னும் பத்து அல்லது இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுகிறது. பார்வை திரும்பியது என்ற செய்திக்குக் கிடைக்கும் தலைப்பு எழுத்து, பார்வை குறையாமல் நின்றது என்ற செய்திக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு முதலில் பயன்தரக்கூடியது இந்த இரண்டாவது முயற்சியே.

மனிதனின் ஒவ்வொரு கண்ணிலும் ஏறத்தாழ 12 கோடி குச்சிச் செல்களும் 60 லட்சம் கூம்புச் செல்களும் இருப்பதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. குச்சிகள் மங்கிய ஒளிக்கானவை. ஒளியின் மிகச் சிறிய அலகான ஒற்றை ஃபோட்டானுக்குக்கூட ஒரு குச்சிச் செல் மறுமொழி தரும் என்பது 1970களின் இறுதியில் தேரையின் விழித்திரையில் நேரடியாக அளந்து காட்டப்பட்டது. கூம்புகள் பகல் வெளிச்சத்தில் இயங்கி, நிறத்தையும் நுண்ணிய வடிவத்தையும் அறியச் செய்கின்றன. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் ஊசியில் நூல் கோக்கவும் உதவும் கூர்மையான பார்வை, விழித்திரையின் நடுவிலுள்ள மாக்குலா என்ற மஞ்சள் புள்ளியிலும், அதற்குள் அமைந்த ஃபோவியா என்ற சிறு குழியிலும் செறிந்துள்ள கூம்புகளைச் சார்ந்தது. அக்குழியின் மையத்தில் குச்சிகளே இல்லை. மின்விளக்கு எங்கும் எரியும் இக்காலத்தில், குச்சிகளை முற்றிலும் இழந்த ஒருவர் இரவில் தடுமாறினாலும் வாழ்க்கையை ஓரளவு நடத்திச் செல்ல இயலும். கூம்புகளையும் இழந்தவருக்கு அது இயலாது.

ஒளியுணர் செல்லின் வெளி முனையில் நூற்றுக்கணக்கான மெல்லிய சவ்வுத் தகடுகள், அடுக்கி வைத்த நாணயங்களைப் போல, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. குச்சிகளில் ரோடாப்சின் என்ற ஒளி ஈர்க்கும் புரதம் செறிந்திருப்பது இத்தகடுகளில்தான். இந்த அடுக்கு நிலையானதன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் யங், கதிரியக்கக் குறியிட்ட அமினோ அமிலங்களை விலங்குகளுக்குச் செலுத்தி அவை செல்லில் எங்கே நகர்கின்றன என்று பின்தொடர்ந்து, அடியில் புதுத் தகடுகள் இடைவிடாமல் உருவாகி மேல்நோக்கித் தள்ளப்படுவதை 1967இல் தெளிவாக்கினார். நுனியை அடைந்த பழைய தகடுகள் உதிர்ந்தவுடன், விழித்திரைக்கு அடுத்துள்ள நிறமிப் படலத்தின் செல்கள் அவற்றை விழுங்கிச் செரித்துவிடுகின்றன. ஒரு குச்சி நாள்தோறும் தன் தகடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உதிர்ப்பதால், பத்து நாட்களுக்குள் முழு அடுக்கும் மாறிவிடுகிறது. உடலில் பெரும்பாலான நரம்பு செல்கள் இவ்வளவு கடுமையான உற்பத்தியில் ஈடுபடுவதில்லை.

இந்த உழைப்புக்கு வேண்டிய ஆற்றலும் மிகுதி. விந்தையாகத் தோன்றினாலும், குச்சிச் செல் அதிக ஆற்றலைச் செலவிடுவது இருளில்தான். ஒளி படாத நிலையில் அதன் சவ்வு வழியே சோடியமும் கால்சியமும் ஓயாமல் உட்புகுந்துகொண்டே இருக்க, அவற்றை வெளியேற்றும் பணிக்காகச் செல் இடையறாது எரிபொருளைச் செலவழிக்கிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால் உடலிலேயே மிக அதிகமாக ஆக்சிஜனை உட்கொள்ளும் திசுக்களுள் விழித்திரையும் ஒன்று. ஆக்சிஜன் மிகுதி, இடைவிடாத ஒளி, எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு நிறைந்த சவ்வு ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடியிருப்பதால், செல்லைத் தாக்கும் வேதித் துகள்கள் அங்கே தொடர்ந்து பிறக்கின்றன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் பணியாற்றிய வெர்னர் நோயெல், வெள்ளெலிகளைச் சில மணி நேரம் தொடர்ந்து வெளிச்சத்தில் வைத்தாலே அவற்றின் ஒளியுணர் செல்கள் மீளாத சேதமடைகின்றன என்று 1966இல் காட்டியதன் பின்னணியும் இதுவே. ஒளியைக் காண்பதற்கென்றே அமைந்த செல், ஒளியால் அழியக்கூடிய எல்லைக்கு மிக அருகில் வாழ்கிறது.

மரபுவழி விழித்திரைச் சிதைவுகளில் பரவலாக அறியப்பட்டது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணுள்நோக்கியை உருவாக்கியதால் உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண்பது முதன்முறையாக இயன்றது. சில ஆண்டுகளில், 1857இல், நெதர்லாந்து மருத்துவர் டொண்டர்ஸ் இந்நோய்க்கு இன்றளவும் வழங்கும் பெயரைச் சூட்டினார். உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. 40 வயதைக் கடந்தோரிடையே சென்னையிலும் அதன் சுற்றுவட்டக் கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் எடுத்த கணக்கு, 2008இல் வெளியானபோது, நகரத்தில் 930 பேரில் ஒருவர், கிராமப்புறத்தில் 372 பேரில் ஒருவர் என்று காட்டியது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுப் பிரதி வந்தால் மட்டுமே வெளிப்படும் வகை நோய்கள், மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் கூடுதலாகக் காணப்படுவது மரபியலின் நன்கறிந்த விதி.

நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் இரவில் தெரியாமை. இதனால் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இதனை மாலைக்கண் என்று கொண்டு, முருங்கைக் கீரையும் கேரட்டும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று ஆண்டுகளைக் கடத்துவது உண்டு. வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வரும் மாலைக்கண்ணில் ரோடாப்சின் செய்வதற்கான மூலப்பொருள் மட்டுமே குறைகிறது, செல் இறப்பதில்லை. எனவே வைட்டமின் கிடைத்ததும் விரைவிலேயே பார்வை சீராகிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் குச்சிகளே மடிந்துகொண்டிருக்கின்றன. பக்கவாட்டுப் பார்வை வெளிவிளிம்பிலோ இடையிலோ தேயத் தொடங்கி, காட்சி வட்டம் ஆண்டுதோறும் சுருங்கி, ஒரு குழாய் வழியே பார்ப்பது போன்ற நிலை உண்டாகிறது. பலருக்கு நடுத்தர வயதிலோ அதற்குப் பின்னரோ அந்த நடுப்பார்வையும் போய்விடுகிறது.

இந்நோயின் மரபணுக் காரணம் முதன்முதலில் பிடிபட்டது 1990இல். ஹார்வர்டில் தாடியஸ் டிரைஜாவின் குழுவினர், நோயாளிகள் சிலரின் ரோடாப்சின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதையும், அதனால் அப்புரதத்தின் 23ஆவது இடத்தில் ப்ரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் அமர்வதையும் கண்டனர். அதன்பின் இந்நோயோடு தொடர்புடைய மரபணுக்கள் 80க்கும் மேல் கண்டறியப்பட்டுவிட்டன. இந்த எண்ணிக்கை அறிவியலுக்கு வெற்றியாயினும் சிகிச்சைக்குத் தடையாக நிற்கிறது. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித்தனியே ஒரு மருந்து உருவாக்க வேண்டுமெனில், உலகில் சில நூறு பேருக்கு மட்டுமே உள்ள மாற்றத்துக்காக எந்த நிறுவனமும் பெரும் பொருளைச் செலவிட முன்வராது.

ஆனால் அதே கண்டுபிடிப்பு வேறொரு புதிரையும் கூர்மையாக்கியது. ரோடாப்சின் குச்சிகளில் மட்டுமே உருவாகும் புரதம்; கூம்புகளில் அது இல்லை. அவ்வாறிருக்க, ரோடாப்சினில் பழுதுள்ளவரின் கூம்புகள், தம்மிடம் மரபணுக் குறை எதுவும் வெளிப்படாத நிலையிலும், குச்சிகள் மடிந்த சில ஆண்டுகளில் ஏன் மடிகின்றன? பார்வையிழப்பை முழுமையாக்குவது கூம்புகளின் இந்த இரண்டாம் மரணமே. அதன் காரணம் விளங்கினால், முதல் பழுது எந்த மரபணுவில் இருந்தாலும் கூம்புகளை மட்டும் காத்துவிட வழி பிறக்கலாம். 80 நோய்களுக்கு 80 மருந்து என்ற கணக்கு அப்போது மாறிவிடும்.

ஒரு செல் தன் குறையின்றியே அடுத்த செல்லின் குறையால் மடியலாம் என்பதற்கான சான்று அதற்கு முன்பே ஓர் எலியினத்தில் கிடைத்திருந்தது. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் பெயரால் வழங்கும் அவ்வினத்தில் பிறந்த சில வாரங்களிலேயே ஒளியுணர் செல்கள் அழியத் தொடங்கும். நலமான எலியின் கருவையும் நோயுள்ள எலியின் கருவையும் இணைத்துக் கலப்புடல் எலிகளை உருவாக்கிய முல்லனும் மேத்யூ லவேய்லும், நோய் மரபணுவைத் தாங்கிய நிறமிப் படலச் செல்லுக்கு எதிரேயுள்ள ஒளியுணர் செல்கள் மட்டுமே அழிவதை 1976இல் காட்டினர். அந்த நிறமிச் செல்களுக்கு உதிர்ந்த தகடுகளை விழுங்கத் தெரியவில்லை. கழிவு இடையில் குவிந்து ஒளியுணர் செல்களை மூழ்கடித்தது. விழுங்கும் வேலைக்குரிய மெர்டிகே என்ற மரபணு 2000இல் அந்த எலியில் அடையாளம் காணப்பட்டது, அதே ஆண்டில் மனித நோயாளிகள் சிலரிடமும் அதன் பழுது கண்டறியப்பட்டது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் ராய் ஸ்டெயின்பெர்க்கும் லவேய்லும் நடத்திய அடுத்த சோதனை, இத்துறையின் போக்கையே திருப்பியது. ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி என்ற, செல்களைப் பிழைத்திருக்கவும் பெருகவும் தூண்டும் ஒரு புரதத்தை, அதே எலிகளின் கண்ணுக்குள் ஊசி வழியே அவர்கள் செலுத்தினர். மரபணுப் பழுது அப்படியே இருந்தது. கழிவும் குவிந்துகொண்டுதான் இருந்தது. எனினும் ஒளியுணர் செல்கள் பல வாரங்கள் கூடுதலாக உயிரோடிருந்தன. 1990இல் வெளியான இந்த ஆய்வில் கவனத்துக்குரிய மற்றொரு செய்தியும் உண்டு. ஒப்பீட்டுக்காக வெறும் உப்புக்கரைசல் செலுத்தப்பட்ட கண்களிலும் ஊசி சென்ற தடத்தைச் சுற்றி மட்டும் செல்கள் பிழைத்திருந்தன. சிறு காயம்கூட விழித்திரையின் தாங்குசெல்களைத் தூண்டி, காக்கும் காரணிகளைச் சுரக்கச் செய்கிறது என்பதும், விழித்திரையிடம் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே உறங்கிக் கிடக்கிறது என்பதும் அதிலிருந்து புலப்பட்டன.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், கடும் ஒளியில் வைக்கப்பட்ட எலிகளில் அதே குழு பல்வேறு காரணிகளைச் சோதித்தபோது, சிலியரி நரம்புவளர்ச்சிக் காரணி உள்ளிட்ட பல புரதங்கள் ஒளியுணர் செல்களைக் காப்பது தெரியவந்தது. ஆனால் எலியின் கண்ணில் ஒருமுறை ஊசி போடுவதும், மனிதரின் கண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் மருந்து தருவதும் ஒன்றல்ல. புரத மருந்து கண்ணுக்குள் விரைவில் சிதைந்துவிடும், மாதந்தோறும் ஊசி என்பது வாழ்நாள் நோய்க்கு ஒவ்வாத ஏற்பாடு. இதற்கு நியூரோடெக் நிறுவனம் கண்ட தீர்வு நுட்பமானது. மனித நிறமிப் படலச் செல்களில் அக்காரணிக்குரிய மரபணுவைப் புகுத்தி, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்துளைக் குப்பிக்குள் அவற்றை அடைத்து, கண்ணின் உள்ளே தைத்து நிறுத்திவிடுகின்றனர். துளைகள் வழியே ஆக்சிஜனும் ஊட்டமும் உள்ளே செல்ல, மருந்துப் புரதம் வெளியே கசிய, உடலின் எதிர்ப்புச் செல்கள் மட்டும் உள்ளே நுழைய இயலாது.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயாளிகளிடம் இக்குப்பி வைத்து நடத்திய பெரிய சோதனைகள் ஏமாற்றத்தில் முடிந்தன. பார்வைக் கூர்மையிலோ காட்சிப் பரப்பிலோ ஆதாயம் தென்படவில்லை. விலங்குகளில் இக்காரணியின் மிகுந்த அளவு செல்லை உயிரோடு வைத்திருந்தாலும், ஒளிக்கு அது தரும் மின் மறுமொழியைத் தணித்துவிடுவது முன்னரே கவனிக்கப்பட்டிருந்தது. உயிரோடிருக்கும் செல் எல்லாம் வேலை செய்யும் செல் ஆகிவிடாது என்பது இத்துறை கடினமாகக் கற்ற பாடம். இருப்பினும் முயற்சி கைவிடப்படவில்லை. நடுவயதில் மாக்குலாவின் ஒரு சிறு பகுதியில் நுண் இரத்தக் குழாய்களும் ஒளியுணர் செல்களும் சிதையும் மாக்டெல் என்ற அரிய நோயில் அதே குப்பியைச் சோதித்தபோது, செல்லிழப்பின் வேகம் 24 மாதங்களில் ஒரு சோதனையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவும், இன்னொன்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு ஒப்புதல் அளித்தது. எலியின் கண்ணில் ஊசித் தடத்தைச் சுற்றிச் செல்கள் பிழைத்திருந்த காட்சிக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையில் 35 ஆண்டுகள்.

இவ்வளவு காலம் ஆனதற்கு அளவிடும் சிக்கலும் ஒரு காரணம். ஆண்டுக்குச் சிறிதளவே முன்னேறும் நோயில் மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும் சோதனை போதாது. ஃபோவியாவின் கூம்புகளில் பெரும்பகுதி அழிந்த பின்னரும் ஒருவர் கடைசி வரிவரை படித்துவிடக்கூடும். விண்மீன்களைத் தெளிவாகக் காண வானியலாளர் உருவாக்கிய தகவமை ஒளியியலை 1990களில் கண் ஆய்வுக்குக் கொண்டுவந்ததால், உயிருள்ள மனிதரின் கண்ணில் தனித்தனிக் கூம்புகளை எண்ண முடிந்தது. குப்பி வைக்கப்பட்ட சில நோயாளிகளை இம்முறையில் இரண்டாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, மருந்து பெற்ற கண்ணில் கூம்புகளின் அடர்த்தி நிலைத்திருக்க, பெறாத கண்ணில் குறைந்திருந்தது. எழுத்துப் பலகையோ இரு கண்களுக்கும் வேறுபாடு காட்டவில்லை. எதை அளப்பது என்பதைச் சரியாகத் தேர்ந்திராத சோதனையில் நல்ல மருந்தும் தோற்றுப்போகலாம்.

கூம்புகள் ஏன் மடிகின்றன என்ற முதன்மைக் கேள்விக்குத் திரும்பினால், அதற்கு மிகத் தெளிவான விடையொன்று பிரான்சிலிருந்து வந்தது. ஜோசே-அலென் சஹேலும் உடன் பணியாற்றியோரும், குச்சிகளை இழந்த சுண்டெலியின் விழித்திரையை, நலமான குச்சிகள் நிறைந்த விழித்திரையோடு ஒரே ஊட்டக் கரைசலில், ஒன்றையொன்று தொடாதபடி வளர்த்தபோது, முதலாவதன் கூம்புகள் கூடுதலாகப் பிழைத்திருப்பதை 1998இல் அறிவித்தனர். தொடுதலே இல்லாமல் காப்பு கிடைத்ததால், குச்சிகள் ஏதோ ஒன்றைக் கரைசலுக்குள் சுரக்கின்றன என்பது உறுதியாயிற்று. அது எது என்று கண்டுபிடிக்கத் தியெரி லெவெய்யார், சுண்டெலி விழித்திரையின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுப் பிரதிகளைச் சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் சுரக்கச் செய்யும் நீரைக் கோழிக் கருவின் கூம்புச் செல்கள்மீது சோதித்தார். பறவைக் கண்ணில் கூம்புகள் மிகுதி என்பதால் கோழிக் கரு தேர்ந்தெடுக்கப்பட்டது. கூம்புகளைக் காத்த தொகுதியை மேலும் மேலும் பிரித்து இறுதியில் கிடைத்த ஒற்றைப் புரதத்துக்குக் குச்சிவழிக் கூம்புக்காப்புக் காரணி என்ற பொருள்தரும் பெயர் 2004இல் இடப்பட்டது. குச்சிகள் மடியும்போது இந்தச் சுரப்பும் நின்றுபோகிறது.

அப்புரதம் கூம்புக்குள் என்ன செய்கிறது என்பது தெரிய மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின. புற்றுநோய்ச் செல்களின் ஆற்றல் முறையை ஆராய்ந்த ஜெர்மானிய உயிர்வேதியியலர் ஆட்டோ வார்பர்க், ஆக்சிஜன் போதிய அளவில் இருக்கும்போதும் விழித்திரை குளுக்கோஸை முழுமையாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகிறது என்று 1920களிலேயே கவனித்திருந்தார். சிக்கனமற்றதாகத் தோன்றும் இந்த முறை, தகடுகளை நாள்தோறும் புதுப்பிக்கத் தேவையான கொழுப்பு உள்ளிட்ட கட்டுமானப் பொருள்களைச் செல்லுக்குத் தருகிறது. குச்சிகள் சுரக்கும் புரதம் கூம்பின் மேற்பரப்பிலுள்ள பேசிஜின் என்ற ஏற்பியோடு இணைய, அந்த ஏற்பி அருகிலுள்ள குளுக்கோஸ் வாயிலைத் தூண்ட, கூம்புக்குள் சர்க்கரை கூடுதலாக நுழைகிறது என்று 2015இல் பாரிஸ் குழு விளக்கியது. ஹார்வர்டில் கான்ஸ்டன்ஸ் செப்கோவின் ஆய்வகம், சிதையும் சுண்டெலி விழித்திரைகளின் கூம்புகளில் பட்டினியின் மூலக்கூறு அடையாளங்கள் தோன்றுவதையும், எலிகளுக்கு இன்சுலின் தந்தால் கூம்பு மரணம் தாமதமாவதையும் 2009இலேயே கண்டிருந்தது. இரு வழிகளும் ஒரே இடத்தைச் சுட்டின: கூம்புகள் நஞ்சுண்டோ காயம்பட்டோ மடிவதற்கு முன்பே பசியால் தளர்கின்றன. இக்காரணிக்குரிய மரபணுவைத் தீங்கற்ற வைரஸ் உறையில் ஏற்றிக் கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சை, பாரிஸிலிருந்து இயங்கும் ஸ்பேரிங்விஷன் நிறுவனத்தால் இப்போது மனிதரிடம் தொடக்கநிலைச் சோதனையில் உள்ளது.

பசியோடு மற்றொரு துன்பமும் சேர்கிறது. விழித்திரையின் வெளிப்பகுதிக்கு இரத்தம் தரும் நாள அடுக்கு, ஆக்சிஜனைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்வதில்லை. ஒளியுணர் செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாக இருந்த குச்சிகள் மடிந்துவிட்டால், அவை உட்கொண்டிருந்த ஆக்சிஜன் முழுவதும் எஞ்சிய கூம்புகளைச் சூழ்ந்து, அவற்றின் கொழுப்பையும் புரதத்தையும் மரபுப்பொருளையும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கம்போகியாரோ இந்த விளக்கத்தைப் பல ஆண்டுகள் விலங்குகளில் நிறுவி, பின்னர் மிக எளிய ஒரு மருந்தைத் தேர்ந்தார். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற அம்மருந்து, கெட்டிச் சளியை இளக்கவும், பாரசிட்டமால் மிகையாக உட்கொண்டவரின் கல்லீரலைக் காக்கவும் மருத்துவமனைகளில் நெடுங்காலமாக வழங்கப்படுவது. 30 நோயாளிகளிடம் 24 வாரங்கள் நடந்த முதற்கட்டச் சோதனையில் கூம்புகளின் செயல்பாடு சிறிதளவு மேம்பட்டதாக 2020இல் அறிவிக்கப்பட்டது. 400க்கும் மேற்பட்டோரை 45 மாதங்கள் பின்தொடரும் மூன்றாம் கட்டச் சோதனை 2023இல் தொடங்கியது.

மரபணு சிகிச்சையே போதுமானது, காப்பு மருந்து எதற்கு என்ற கேள்வி எழக்கூடும். ஆர்பிஇ65 என்ற மரபணு பழுதான குழந்தைகளுக்காக உருவான லக்ஸ்டுர்னா, 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே மரபணுப் பழுதோடு பிறந்த பிரியார்ட் இன நாய்கள் பார்வை பெற்றதிலிருந்து அம்முயற்சி வளர்ந்தது. இரு கண்களுக்கும் சேர்த்து 8,50,000 டாலர் என்ற அதன் விலை ஒருபுறமிருக்க, அறிவியல் நோக்கில் கவலைதரும் செய்தி 2013இலேயே வெளியாகியிருந்தது. அம்மரபணுவுக்கான சிகிச்சை பெற்றவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வாளர்கள், பார்வை மேம்பட்ட பிறகும் ஒளியுணர் செல்கள் இயற்கையான வேகத்திலேயே குறைந்துவருவதை அளந்து காட்டினர். ஏற்கெனவே சிதைவில் இறங்கிவிட்ட விழித்திரையில், மூலப் பழுதைத் திருத்துவது மட்டும் சரிவை நிறுத்திவிடுவதில்லை. எனவே மரபணுத் திருத்தத்தையும் செல் காப்பையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கொள்வது பிழை; இரண்டும் ஒரே கண்ணில் இணைந்து செயல்பட வேண்டியவை.

முதுமையில் வரும் மாக்குலாச் சிதைவின் உலர்ந்த வகையிலும் எஞ்சிய செல்களைக் காப்பதே நோக்கம். புகைபிடித்தல் அதன் உறுதியான ஆபத்துக் காரணி. இடைநிலைச் சிதைவு உள்ளோருக்கு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் முதலியவை சேர்ந்த கலவை ஐந்தாண்டுகளில் முற்றிய நிலையை எய்தும் வாய்ப்பை ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்ததாக 2001இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. உடலின் எதிர்ப்பாற்றல் அமைப்பில் ஒரு பகுதியான காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தடுக்கும் இரண்டு ஊசி மருந்துகள் 2023இல் அமெரிக்காவில் வந்தன. அவை சிதைவுப் பரப்பு விரிவதைத் தாமதப்படுத்துகின்றன, இழந்த பார்வையைத் தருவதில்லை.

வைட்டமின் ஏ குறித்து ஓர் எச்சரிக்கை இவ்விடத்தில் தேவைப்படுகிறது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உள்ள 601 பேரிடம் நடந்து 1993இல் வெளியான ஆய்வு, நாள்தோறும் 15,000 அலகு வைட்டமின் ஏ சிதைவைச் சற்றுத் தாமதப்படுத்துவதாகக் கூறியதால், பல நாடுகளில் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தனர். நோயாளிகளின் மரபணு வகையையும் கணக்கில் கொண்டு அத்தரவுகளை 2023இல் மறுபடி ஆராய்ந்தபோது அந்தப் பயன் தென்படவில்லை. ஸ்டார்கார்ட் போன்ற, வைட்டமின் ஏயின் கழிவே நிறமிப் படலத்தில் தேங்கி அழிவை விளைக்கும் நோய்களில், கூடுதல் வைட்டமின் தீங்கையே செய்யும். எந்த மரபணு என்று அறியாமல் எந்த மாத்திரையும் பாதுகாப்பானது என்று கொள்ள இயலாது என்பதால், மரபணுப் பரிசோதனை இன்று ஆடம்பரமாக இல்லாமல் சிகிச்சையின் முதல் படியாகிவிட்டது. சென்னை, மதுரை முதலிய நகரங்களின் பெரிய கண் மருத்துவமனைகளில் அதற்கான ஆலோசனை கிடைக்கிறது. குடும்பத்தில் இருவருக்கு இரவுப் பார்வை குறைந்திருந்தால் அதைக் கேட்டுப் பெறுவது நல்லது.

காப்பு மருந்து வருவதற்கு முன்பும் செய்யத்தக்கவை சில உண்டு. இந்நோயாளிகளுக்கு மாக்குலாவில் நீர் கோப்பதும் கண்புரை வளர்வதும் பரவலாக நேர்கின்றன. இரண்டுக்கும் சிகிச்சை உண்டு, இவற்றால் வந்த மங்கலைச் சிதைவின் விளைவு என்று எண்ணிக் கைவிட்டுவிடக் கூடாது. ரோடாப்சின் மாற்றங்கள் சிலவற்றில் விழித்திரையின் கீழ்ப்பாதி முதலில் சிதைவது கவனிக்கப்பட்டுள்ளது. மேலிருந்து வரும் வானொளி கூடுதலாக விழுவது அப்பாதியில்தான். வெயிலில் செல்லும்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணியுமாறு மருத்துவர்கள் கூறுவதன் பொருள் இதிலிருந்து விளங்கும்.

என்-அசிட்டைல்சிஸ்டீன் சோதனையின் முடிவுக்காகத் தமிழ்நாட்டில் காத்திருப்போருக்குத் தனியொரு காரணம் உண்டு. மரபணு சிகிச்சையின் விலையோடு ஒப்பிடவே முடியாத அளவு மலிவான இம்மருந்து பயன் தரும் என்று உறுதியானால், கிராமத்துச் சுகாதார நிலையத்திலும் அதைக் கொடுக்க முடியும். அதுவரை மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்பது தகாது. சோதனையில் வழங்கப்படும் அளவு சளிக்கு வழங்கும் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு; அதை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டால் வயிறும் மற்ற உறுப்புகளும் எவ்வாறு தாங்கும் என்பதும், கூம்புகள் உண்மையிலேயே பிழைத்திருக்கின்றனவா என்பதும், மருத்துவர் கண்காணிப்பில் அந்த 45 மாதங்களை நிறைவு செய்வோரின் கண்களிலிருந்துதான் தெரியவரும்.